மைக் செட்காரருக்கு முதல் நன்றி

முகாமின் வாசல் எப்போதும் திறந்தேதான் இருக்கும். அதன் வழியாக வெளியே போனால் உள்ளே வந்துவிடுவோம். மற்றபடி எந்தக் கட்டுப்பாடும் கிடையாது.

இதைத் தவமணி டீச்சர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். கோடைகாலத் திறன் வளர்ப்பு முகாமுக்கு அவர்தான் பொறுப்பு. பட்டுப்புடவையும் ஸ்போர்ட்ஸ் ஷூவும் அணிந்திருப்பார். கழுத்தில் விசில்.

"நிறைவு விழாவுல நன்றியுரை இருக்கும். யார் யாருக்கு நன்றி சொல்றாங்களோ அவங்க அவங்க வீட்டுக்குப் போயிரலாம். 'நன்றி, வணக்கம்'னு முடிச்சிட்டா முடிஞ்சது. விட்டுப்போனவங்க அடுத்த மே மாசம் வரைக்கும் இங்கிட்டேதான். ஏதாச்சும் சந்தேகமா?"

ஒரு பையன் மட்டும் கையைத் தூக்கினான். பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. முகாமுக்கு வழிகாட்டியாக அனுப்பப்பட்டிருந்தேன். சட்டையில் 'வழிகாட்டி' என்று அட்டை குத்தியிருந்தார்கள். எனக்கே வழி தெரியாது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்தப் பள்ளியின் வராந்தா நடக்க நடக்க நீளும். திரும்பி நடந்தாலும் நீளும். வழி கேட்ட எல்லாரிடமும் "நேராப் போங்க" என்றேன். ஒருவர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

திறமைகள் டவுன் பஸ்ஸில் வந்தன.

முதல் வாரம் முழுக்கப் பிள்ளைகள் வாசலில் நின்று காத்திருந்தார்கள். பஸ் வந்து நிற்கும். திறமைகள் சொந்தக்காரர்களைப் போலப் பையும் கையுமாக இறங்கும். "ஓவியம் யாருக்குப்பா? ஓவியம் எறங்கு!" என்று கண்டக்டர் கத்துவார். ஈரக் கைகளோடு உயரமான ஒரு பெண்மணி இறங்கினாள். ஒரு பையனின் தலையைத் தடவினாள். தலை பச்சையாயிற்று. சதுரங்கம் இரட்டையராக வந்தது. இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. கீபோர்டு வயதானவர். இறங்கியதும் தண்ணீர் கேட்டார்.

என்னிடம் ஒப்படைக்கப்பட்டவள் நிலோஃபர். ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். ஒல்லியாக இருப்பாள். பச்சை வாட்டர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டியிருப்பாள். அவளுக்காக யாரும் இறங்கவில்லை.

"அடுத்த பஸ்ல வரும்," என்றேன்.

"வராட்டி?"

"அதுக்கடுத்த பஸ்ல."

"கண்டக்டர் பேரு முனியாண்டிண்ணே. அவர்ட்ட கேட்டேன். எனக்குன்னு யாருமே டிக்கெட் எடுக்கலையாம்."

அவளுக்கு எல்லார் பெயரும் தெரிந்திருந்தது. வந்த அன்றே வாட்ச்மேனிடம் கேட்டாள். சமையல்காரரிடம் கேட்டாள். வேப்பமரத்துக் காக்கையிடம் கேட்டாள். அது சொன்னது. கடைசியாக என்னிடம் வந்தாள்.

"உங்க பேரு என்னண்ணே?"

அதுவரை எல்லாரும் என் சட்டையைப் படித்துவிட்டுப் போனவர்கள்தான். எனக்கு எதையும் நேராகச் சொல்லிப் பழக்கம் இல்லை.

"செவ்வாய்க்கிழமை," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "நல்ல பேருண்ணே," என்றாள். அன்றிலிருந்து நான் செவ்வாய்க்கிழமை அண்ணன். புதன்கிழமைகளிலும்.

மேடைக்கு அடியில் ராயப்பன் குடியிருந்தார். எப்போதோ ஒரு முகாமுக்கு மைக் செட் கட்ட வந்தவர். அந்த வருடத்து நன்றியுரையில் பந்தல்காரருக்கு நன்றி சொன்னார்கள். டீக்காரருக்குச் சொன்னார்கள். சாலையில் போன ஒருவருக்கும் சொன்னார்கள். அவ்வளவையும் ராயப்பன் கட்டிய மைக்கில் சொன்னார்கள். ராயப்பனை மறந்துவிட்டார்கள். அடுத்த வருடமும் மறந்தார்கள். பிறகு அது முகாமின் மரபாகிவிட்டது.

தினமும் மதியம் அவர் மனைவி ஜெபமாலை வாசலுக்கு வெளியே வந்து நிற்பார். சோற்று டப்பா உள்ளே வரும். காலி டப்பா வெளியே போகும். பொருளுக்குத் தடையில்லை. ஆள்தான் போக முடியாது. ஜெபமாலையின் பக்கத்தில் அவர்கள் மகன் நிற்பான். ராயப்பன் மைக் கட்ட வந்த அன்று அவன் இடுப்புக் குழந்தை. இப்போது மீசை வைத்திருந்தான்.

"என்னங்க, இந்த வருசமாச்சும் சொல்லுவாகளா?"

"சொல்லுவாங்கடி. இந்த வருசம் வயரெல்லாம் புதுசு."

நிலோஃபர் மேடைக்கு அடியில் குனிந்து கேட்டாள்: "நீங்களே ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம்லண்ணே?"

"பண்ணிப் பாத்தேன் பாப்பா. கேட்டு வாங்குனா ஆள் போறதில்ல, தலையில இருக்கற தொப்பி மட்டுந்தான் போகுது." ராயப்பன் ஒரு வயரைப் பல்லால் சீவினார். "அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. எனக்கு முதல்ல சொன்னா நான் போயிருவேன். என்கூட மைக்கும் வந்துரும். அப்புறம் எப்படிப் பேசுறது? அதனால கடைசில சொல்லிக்கிரலாம்னு வெப்பாங்க. கடைசில பசி வந்துரும்."

நியாயமாகத்தான் இருந்தது.

நன்றி சொன்னவர்களின் நிலைமை வேறு. தனக்குத் தானே நன்றி சொல்லிக்கொள்ள முடியாது. எல்லாரும் போன பிறகு அவருக்குச் சொல்ல ஆள் இருக்காது. பள்ளிக்கு என்ன தேவையோ அதுவாக மாறிவிடுவார். குடிதண்ணீர் டிரம்மில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த டம்ளர், போன வருடம் நன்றியுரை சொன்ன கதிரேசன். "குடிச்சிட்டுக் கவுத்து வைங்கண்ணே" என்று மரியாதையாகச் சொல்வான். மணி அடிக்க வேப்பமரத்தில் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டு, அதற்கு முந்தைய வருடத்து அபிநயா. சுத்தியலால் அடிக்கும்போதெல்லாம் "உள்ளேன் மிஸ்" என்பாள்.

மதியங்களில் வாழ்க்கைத் திறன் வகுப்பு நடந்தது. சாலையைக் கடக்கக் கற்றுத்தர ஒரு சாலையை வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். கரும்பலகையிலிருந்து மணல் லாரி வந்தது. எல்லாரும் இருபுறமும் பார்த்துக் கடந்தார்கள். 'வேண்டாம்' என்று சொல்லும் பயிற்சியைப் பிள்ளைகள் பிரமாதமாகச் செய்தார்கள். அன்றைய தக்காளி சாதம் வந்த வழியே திரும்பிப் போனது. பட்டன் தைக்கும் பயிற்சியில் ஒருவன் அவசரத்தில் மேகத்தை யானைமலையோடு சேர்த்துத் தைத்துவிட்டான். பிரித்து எடுப்பதற்குள் மழை வந்துவிட்டது.

நன்றி சொல்லும் பயிற்சி அதற்கு மறுநாள். பயிற்சியில் ஆட்கள் போக மாட்டார்கள், ஒத்திகைதான். கையிலோ காலிலோ இருப்பது மட்டும் போகும். தவமணி டீச்சர் ராயப்பனைக் கூப்பிட்டு மைதானத்தில் நிற்க வைத்தார்.

"வழிகாட்டித் தம்பி, நீங்க செஞ்சு காட்டுங்க."

நன்றியுரைகளைக் கேலி செய்து பேசிக் கல்லூரியில் கோப்பை வாங்கியவன் நான். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"எங்கள் காதுகளைக் குளிர்வித்து, கண்களைக் கூசவைத்து, ஊரையே உறங்கவிடாமல் ஒலியும் ஒளியும் நல்கிய அண்ணன் ராயப்பன் அவர்களுக்கு, நெஞ்சத்தின் அடியாழத்திலிருந்து, இன்னும் கொஞ்சம் கீழேயிருந்தும்..."

அவருடைய இடது செருப்பு கழன்றது. வாசலை நோக்கி நடந்தது. பாதி மைதானத்தில் நின்றுவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் டீச்சர்.

"கேக்க நல்லாத்தான் இருந்துச்சு தம்பி," என்றார் ராயப்பன். "ஆனா கணுக்காலுக்கு மேல ஏறல."

செருப்பை யாராலும் அசைக்க முடியவில்லை. டிராக்டரில் கட்டி இழுத்தார்கள். டிராக்டர் பின்னால் வந்தது.

அடுத்து நிலோஃபரைக் கூப்பிட்டார்கள். அவள் செருமவில்லை.

"ராயப்பண்ணே, அன்னைக்குப் பிரேயர்ல நான் பேச ஏறுனப்ப மைக்கை என் உயரத்துக்கு இறக்கி விட்டீங்க. நான் கேக்கவே இல்ல. நன்றிண்ணே."

அவருடைய துண்டு போனது. காதில் செருகியிருந்த டெஸ்டர் போனது. ஸ்டூல், கருவிப்பெட்டி, பாதி குடித்த டீ எல்லாம் வரிசையாக வாசலைத் தாண்டிப் போயின. வாசலுக்கு வெளியே ஜெபமாலை துண்டைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டார். ராயப்பன் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். காலுக்குக் கீழே ஓர் எறும்பு கடந்து போனது.

"ஒத்திகைதானே?" என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. கையில் ரோமம் எழுந்து நின்றது. கையால் தடவி உட்கார வைத்தேன். மறுபடி எழுந்தது.

நிறைவு விழாவுக்கு நிகழ்ச்சிகளைப் பிரித்தார்கள். ஓவியத்துக்கு ஓவியம். கீபோர்டுக்குக் கீபோர்டு.

"நிலோஃபருக்கு யாரும் வரல," என்றார் தவமணி டீச்சர். "அதனால நன்றியுரை."

ஒன்றும் வராதவர்களுக்கு நன்றியுரை கொடுப்பது எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம். யாரும் ஆச்சரியப்படவில்லை.

"மிஸ், அப்புறம் நான் என்ன ஆவேன்?"

"ஆபீஸ் ரூமுக்கு ஒரு பீரோ தேவைப்படுதும்மா." டீச்சர் அவள் கன்னத்தைத் தட்டினார். "நீ நல்ல பீரோவா வருவே. எனக்கு நம்பிக்கை இருக்கு."

நான் குறுக்கிட்டேன். "வேற யாராச்சும் சொல்லலாமே டீச்சர்."

"நீங்க சொல்றீங்களா தம்பி? உங்க நன்றியில ஒரு செருப்பே போய்ச் சேரல. இத்தனை பேரையும் பாதி மைதானத்துல நிறுத்தி வெச்சுட்டு நான் எப்படிப் பிரேயர் நடத்துறது?"



நிலோஃபரின் அத்தா தினமும் சாயங்காலம் மொபெட்டில் வந்து வாசலுக்கு வெளியே நிற்பார். அன்றும் வந்தார்.

"ஏதாச்சும் வந்துச்சா பாப்பா?"

"நன்றியுரை குடுத்திருக்காங்கத்தா."

"அடேயப்பா. மேடையில பேசப்போறியா." அவர் பின்சீட்டைக் கைக்குட்டையால் துடைத்தார். "முடிஞ்சதும் ஒண்ணாப் போயிருவம். அம்மா உன் கட்டில ஜன்னல் பக்கம் மாத்திப் போட்டிருக்கு. காத்து வருமாம்."

பீரோவைப் பற்றி அவள் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். நானும் சொல்லவில்லை. மொபெட் போன பிறகு சொன்னேன்.

"நான் கடைசி வரைக்கும் இருந்து உனக்கு நன்றி சொல்லிருவேன்."

"சொல்லிருவீங்களா, செவ்வாய்க்கிழமைண்ணே?"

இருவரும் மைதானத்தைப் பார்த்தோம். செருப்பு பாதி வழியில் நின்றிருந்தது.

நிறைவு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். முதலில் அவருடைய சால்வைகள் வந்தன. பிறகு மாலைகள். பிறகு ஒரு கார் நிறைய வணக்கம். கடைசியாக அவர். "ரெண்டே ரெண்டு வார்த்தை பேசிட்டு உக்காந்துர்றேன்" என்று ஆரம்பித்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது வேம்பு பூத்தது, காய்த்தது, பழுத்தது. முன்வரிசைப் பையன்களுக்கு மீசை அரும்பியது. இரண்டாவது வார்த்தையை அவர் மேசையின் அடியில் தேடி எடுத்தார்.

"அடுத்து நன்றியுரை," என்றார் தவமணி டீச்சர்.

நிலோஃபர் மேடை ஏறினாள். நான் கூட்டத்துக்குக் கடைசியில், நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து அவள் ஒரு பச்சைப் பாட்டில் அளவுக்குத்தான் தெரிந்தாள்.

"சீட்டு எங்கம்மா?"

"வேணாம் மிஸ். பேரெல்லாம் தெரியும்."

மைக்கின் முன்னால் போய் நின்றாள். அது ஏற்கனவே அவள் உயரத்துக்கு இறக்கப்பட்டிருந்தது.

"முதல்ல மைக் செட் ராயப்பண்ணனுக்கு."

தவமணி டீச்சர் எழுந்துவிட்டார். "ஏய், மைக்கு போயிரும்டி!"

"போட்டும் மிஸ்."

மேடைக்கு அடியிலிருந்து ராயப்பன் தலையை நீட்டினார். கையில் பாதி சுற்றிய வயர்.

"ராயப்பண்ணே, இத்தன வருசமா இங்க பேசுன எல்லார் குரலையும் நீங்கதான் கேக்க வெச்சீங்க. உங்க குரலு மட்டும் 'டெஸ்டிங்' தாண்டி வந்ததே இல்ல. நன்றிண்ணே."

வயர் தானாகச் சுருண்டது. வேப்பமரத்திலிருந்த குழாய் ஒலிபெருக்கிகள் தலையைத் திருப்பி, கிளையை விட்டு, அவர் தோளில் வந்து உட்கார்ந்தன. மைக் அவர் சட்டைப் பைக்குள் நுழைந்துகொண்டது. அவர் நடந்தார். ஒரு கால் வெறுங்கால். வாசலைத் தாண்டினார். தாண்டியதும் உள்ளே வரவில்லை. வெளியே இருந்தார்.

மீசைக்கார இளைஞனைப் பார்த்து, "தம்பி யாரு?" என்றார்.

"உங்க மகந்தாங்க," என்றார் ஜெபமாலை.

ராயப்பன் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தார். அவன் சரியாகப் பொருந்தினான். மூவரும் போனார்கள்.

மேடையில் இப்போது மைக் இல்லை. மைதானம் பெரியது. கூட்டம் அதைவிடப் பெரியது. நிலோஃபர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு பேசினாள்.

அவள் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் பேசினாள், பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் பேசுவது போல. ஆனால் எல்லாருமே பக்கத்து சீட்டில் இருந்தோம். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற என் காதுக்கு அருகில் அவள் மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்டது.

முனியாண்டிக்கு நன்றி சொன்னாள், ஏறாத பஸ்ஸுக்கும் கை காட்டச் சொல்லிக் கொடுத்ததற்காக. அவர் விசில் கொடுத்தார். பஸ் அவர் பின்னால் நாய்க்குட்டி மாதிரிப் போனது. வாட்ச்மேனுக்குச் சொன்னாள். சமையல்காரருக்குச் சொன்னாள். பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகச் சொன்னாள். ஒவ்வொரு பிள்ளையும் தன் திறமையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டியது. சதுரங்கம் இரட்டையர் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"போவமா?"

"ம்."

சிறப்பு விருந்தினருக்கு, இரண்டாவது வார்த்தையை விடாமல் தேடியதற்காக நன்றி சொன்னாள். அவர் அழுதார். சால்வைகளே அவரைத் தூக்கிக்கொண்டு போயின.

"டிரம்மு பக்கத்துல இருக்கற கதிரேசனுக்கு. தண்ணி கேட்டு வந்த யாரையும் நீ யாருன்னு கேட்டதில்ல. நன்றி."

சங்கிலி அவிழ்ந்தது. சீருடை போட்ட ஒரு பையன் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றான். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அபிநயாக்காவுக்கு. எத்தனை அடி விழுந்தாலும் சரியான நேரத்தைத்தான் சொன்னீங்க. நன்றிக்கா."

"உள்ளேன் மிஸ்," என்றது தண்டவாளம், பழக்கத்தில். பிறகு ஒரு பெண்ணின் குரலில், "போறேன் மிஸ்."

"தவமணி மிஸ்ஸுக்கு."

டீச்சர் அக்கம்பக்கம் பார்த்தார். "எனக்கா?"

"உங்களுக்குச் சொல்ல வர்றதுக்குள்ள எப்பவும் நீங்களே விசில் ஊதிருவீங்க மிஸ். இன்னைக்கு ஊதல. நன்றி மிஸ்."

அவர் விசிலைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். புடவையைத் தூக்கிச் செருகினார். ஓடினார். அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. அந்த ஷூ எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

ஆட்கள் முடிந்தார்கள். அவள் முடிக்கவில்லை. வேப்பமரத்துக்கு நன்றி சொன்னாள். மரம் வேர்களை ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணை உதறி, வாசலில் குனிந்து பக்கவாட்டில் நுழைந்து போனது. உச்சியில் காக்கை உட்கார்ந்திருந்தது. வகுப்பறைகளுக்குச் சொன்னாள். அவை வகுப்பு வாரியாக வரிசையில் போயின, ஆறாம் வகுப்பு முன்னால். வராந்தா கடைசியாகப் போனது. அது நீளம். அது போய் முடியும்வரை தலை குனிந்து நின்றோம், ரயில் கேட்டில் நிற்பது போல. பிறகு அவள் வெயிலுக்கு நன்றி சொன்னாள். வெயில் மைதானத்திலிருந்து எழுந்தது. பெரிய ஜமுக்காளத்தைச் சுருட்டுவது போல ஓரத்திலிருந்து சுருண்டது. என் உள்ளங்காலுக்குக் கீழே தரை குளிர்ந்தது. வாயைத் திறந்தேன். சொல்ல எதுவும் இருக்கவில்லை. வாழ்க்கையில் அது முதல் முறை.

"செவ்வாய்க்கிழமை அண்ணனுக்கும் நன்றி," என்றாள்.

நான் அசையவில்லை. செவ்வாய்க்கிழமை போனது.

அன்று செவ்வாய்க்கிழமை. அது வானத்திலிருந்து இறங்கி, எங்களைத் தாண்டி, வாசல் வழியாக நடந்து போனது. அதன் பிறகு எங்களுக்கு மேலே எந்தக் கிழமையும் இல்லை. வானம் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

நிலோஃபர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அண்ணே, நீங்க இன்னும் இருக்கீங்க."

"அது என் பேரு இல்ல."

"ஓ." அவள் கோபப்படவில்லை. "அப்ப போனது யாரு?"

"செவ்வாய்க்கிழமை."

"பாவம். அதுக்குப் போக இடம் இருக்குமா?"

அவள் முழங்கையைச் சொறிந்தாள். தகரச் சத்தம் கேட்டது. இருவரும் அந்த முழங்கையைப் பார்த்தோம். சாம்பல் நிறமாகியிருந்தது. தோளில் ஒரு கைப்பிடி முளைத்திருந்தது.

"ஆரம்பிச்சிருச்சுண்ணே. உங்க நிசப் பேரைச் சொல்லுங்க. அனுப்பி விட்டுர்றேன்."

"அனுப்பிட்டா உனக்கு யாரு சொல்றது? முதல்ல நான்."

மேடை போய்விட்டிருந்ததால் மைதானத்தில் அவள் எதிரே நின்றேன். தொண்டையைச் செருமினேன்.

"இந்த இனிய வேளையிலே, விழாவைச் செவ்வனே நடத்தி..."

பச்சை வாட்டர் பாட்டில் கிளம்பி வாசலைத் தாண்டியது. வெளியே அத்தா அதைப் பிடித்தார்.

"பாப்பா, நீ வரல?"

"வாரேன் அத்தா. பாட்டில் முன்னாடி வருது." சொல்லும்போது அவள் கழுத்து கிரீச்சிட்டது.

மறுபடி முயன்றேன். "சிறியவள் என்றாலும் சீரியவள்..." ஹேர்கிளிப் போனது. அவ்வளவுதான். அவள் வயிற்றில் இரண்டு தட்டுகள் விழுந்த சத்தம் கேட்டது. நான் என்ன சொன்னாலும் அந்த வார்த்தைகள் நுனிக்காலில் எம்பி, யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்தன. சிரிக்க அங்கே யாரும் இல்லை. மரம்கூட இல்லை. கடைசியில் வார்த்தைகள் காலைத் தரையில் ஊன்றின.

"நிலோஃபர்," என்றேன். "இங்க வந்தப்ப யாரும் என் பேரக் கேக்கல. நீ கேட்டே. நான் ஒரு கிழமையைச் சொன்னேன். நீ அதையும் மரியாதையாத்தான் கூப்பிட்டே. ஒரு நாள்கூடச் சிரிக்கல. நன்றிம்மா."

இதற்கு மேல் ஏதாவது சேர்க்கத் தோன்றும் என்று காத்திருந்தேன். தோன்றவில்லை.

கைப்பிடி கழன்று விழுந்தது. தட்டுகள் விழுந்தன. சாம்பல் நிறம் அவள் கையிலிருந்து மாவு போல உதிர்ந்தது. அவள் கால் இரண்டும் தரையை விட்டன. என்னைப் பார்த்தபடியே பின்னோக்கி மிதந்து போனாள். வாசலைத் தாண்டி, துடைத்து வைத்த பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். அத்தா உதைத்து வண்டியை எடுத்தார்.

பாதி மைதானத்தில் நின்றிருந்த செருப்பு அசைந்தது. சோம்பல் முறித்தது. நடந்தது. வாசலுக்கு வெளியே போய், ராயப்பன் வீடு இருக்கிற பக்கமாகத் திரும்பியது.

நான் மட்டும் இருந்தேன். முழங்கை அரித்தது. சொறிந்தேன். தகரச் சத்தம்.

பள்ளியே போய்விட்டது. ஆனாலும் அதற்கு ஒரு பீரோ தேவைப்பட்டது. நான் எதிர்க்கவில்லை. தோள்கள் சதுரமாயின. மேல் தட்டில் என்ன வைக்கலாம் என்று யோசித்தேன். அங்கே முன்பே ஏதோ இருந்தது. தவமணி டீச்சரின் விசில்.

அப்போது என் காதுக்கு அருகில் ஒரு குரல் கேட்டது. மொபெட் சத்தமும் சேர்ந்து கேட்டது. அவர்கள் பெரிய சாலைக்கு ஏறியிருக்க வேண்டும்.

"அண்ணே, நான் இன்னும் முடிக்கல. உங்க பேரு என்ன?"

"பாலகுருசாமி," என்றேன். தகரத்துக்குள் அது கொஞ்சம் எதிரொலித்தது.

"நல்ல பேருண்ணே," என்றாள்.

பிறகு நன்றி சொன்னாள். எதற்காக என்றும் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டன. அது பெரிய விஷயமா சின்ன விஷயமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாசல் எனக்குக் கீழே போனது. நான் வெளியே இருந்தேன்.

சாலையில் அவள் போன தடம் தெரிந்தது. பெட்டிக்கடை இருந்த இடத்தில் பெட்டிக்கடை இல்லை. மைல்கல் இருந்த இடத்தில் ஒரு குழியும் கொஞ்சம் ஈரமும் இருந்தன. சிக்னல் விளக்கு, மூன்று நிறங்களையும் கையில் பிடித்துக்கொண்டு, என்னைக் கடந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வழிவிட்டது.

அவள் இன்னும் 'நன்றி, வணக்கம்' சொல்லவில்லை. இந்நேரம் பாலத்துக்கு வந்திருப்பாள். வைகை எழுந்து நிற்கிற சத்தம் கேட்கிறது.